கோல் வலையில் ஒரு முழம்

ஞாயிறு, சாப்பாட்டுக்குப் பிறகு.

காட்டூரிடம் தோற்றோம். கடைசி நிமிடத்தில் என் மச்சான் சேகர் அடித்த பந்து கோலுக்குள் புகுந்தது. அங்கே கட்டியிருந்த பழைய பச்சை வலையில் ஓர் ஓட்டை. பந்து அதன் வழியே வெளியேறி ஏரியில் விழுந்தது. ரெஃப்ரி கோல் இல்லை என்றுவிட்டார்.

"உள்ள பூந்திருந்தா வலையில இருக்கணும். ஏரியில இன்னா பண்ணுது?"

டீக்கடையில் ஒரே சண்டை. ரெஃப்ரிக்குக் கண் தெரியவில்லை என்றார்கள் பாதிப் பேர். காட்டூர்க்காரன்தான் திருட்டுத்தனமாக வலையை அறுத்துவிட்டான் என்றார்கள் மீதிப் பேர். இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டு அதிகமாகக் கத்தியது நான்தான்.

கடைசியில் சேகர், "அறுத்தவன் மட்டும் கைல மாட்டட்டும் மாமா, ஏரியிலயே முக்கிடுறேன்" என்றான். நானும் தலையாட்டினேன்.

நேற்று என் நண்டு வலை கிழிந்திருந்தது. ஒட்டுப் போட நான் எடுத்தது ஒரே ஒரு முழம். அவ்வளவு பெரிய வலையில் பந்து சரியாக அங்கேயா போக வேண்டும்?

விடிந்தால் அதே நண்டு வலையை சேகரும் நானும்தான் இழுக்க வேண்டும். வலை வெள்ளை. ஒட்டு பச்சை.