பாட்டில்லாமல் தட்டிய டின்

மண்ணுக்குள் நிம்மதியாகப் படுத்திருக்கும் என் பிரியமுள்ள மச்சானுக்கு ஸலாம்.

இந்த வருடம் நோன்பும் மழையும் ஒன்றாக வந்துவிட்டன. பகலில் வெயில் காய்கிறது. ராத்திரியானால் தினமும் இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்க்கிறது. “சேத்தியாத்தோப்புல பெய்யுற தண்ணி எங்க போவும், நம்ம வூட்டுக்குத்தான்” என்று சொல்வீர்களே, அதேபோல் தெருவுக்குப் பின்னால் வாய்க்கால் கரையை முட்டிக்கொண்டு நின்றது.

விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்குத் தெருவை எழுப்பும் உங்கள் வேலை என் தலையில் விழுந்தது. நீங்கள் தட்டும் மண்ணெண்ணெய் டின் கிடைத்தது, குரல்தான் கிடைக்கவில்லை. நான் பாடினால் நாய் குரைக்கிறது என்று உங்கள் தங்கை சொல்லிவிட்டாள். அதனால் முதல் நோன்புக்கு வாயை மூடிக்கொண்டு தட்டினேன்.

நீங்கள் பாடிக்கொண்டே தட்டினால் சாப்பாடு, பாடாமல் தட்டினால் வெள்ளம். எனக்கு அது எங்கே ஞாபகம் வந்தது? பாதித் தெரு பாயும் தலையணையுமாக மதரஸா மாடிக்கு ஓடிவிட்டது. மாடியிலிருந்து ஆளாளுக்குத் திட்டினார்கள். “இனிமே டின் சத்தம் கேட்டா சோறுதான், வெள்ளம் இல்ல” என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தேன். நன்றாகவே மனதில் பதித்துக்கொண்டார்கள்.

போன வாரம் வாய்க்கால் நிஜமாகவே உடைத்துக்கொண்டது. டின் நசுங்கும்வரை தட்டினேன். எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது, ஒருவரும் வெளியே வரவில்லை. அடுத்த வீட்டு ஹனீபா மாமா கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என்னா மாப்ள, இன்னிக்கி சீக்கிரமே தட்டிட்ட?”

“வெள்ளம் மாமா, கெளம்புங்க.”

“மழ ஜாஸ்தி, வாசத் தண்ணிதான் உள்ள வருது. சாப்டுட்டு பாத்துக்கலாம்.”

அத்தனை ராத்திரி மழையில் ஊறிய மண்சுவர் மச்சான். உள்ளே அவர் மகள் கைக்குழந்தையோடு இருந்தாள்.

என் பின்னாலேயே வந்த உங்கள் தங்கை உள்ளே போனாள், மாமாவின் முன்னால் இருந்த சோற்றுப் பானையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மதரஸாவைப் பார்த்து நடந்தாள். மாமா எச்சில் கையோடு பின்னால் ஓடினார். மகளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நானும் பக்கத்து வீட்டுப் பானையைத் தூக்கினேன். வெள்ளத்துக்கு அசையாத தெரு, சோற்றுக்குப் பின்னால் மொத்தமாக மாடி ஏறியது.

விடிகாலை பஜ்ர் பாங்குக்கு முன்னால் மாமா வீட்டுச் சுவர் விழுந்தது, அதே கட்டில் மேல். மாமா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். “கொழம்பும் போச்சா?” என்றார். பிறகு பேரனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

இப்போது தெருவே கூடி உத்தரவு போட்டிருக்கிறது, சஹருக்கு நான் பாடித்தான் ஆக வேண்டுமாம். உங்களுக்கு அத்தனை பாட்டு எங்கிருந்து கிடைத்தது மச்சான்? எனக்கு ஒன்றுகூட முழுசாகத் தெரியவில்லை. நாய்களும் இன்னும் பழகவில்லை.

இருந்தாலும் பாடுகிறேன். என் கழுதைக் குரல் கபர்ஸ்தான்வரை கேட்டால், நம் தெரு நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குங்கள். குரல் நின்று டின் மட்டும் கேட்டால், எங்களுக்காகக் கொஞ்சம் துஆ செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையிடம் உங்கள் பங்குத் திட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருக்கும் மச்சான்