ஜீப் நிற்காத வீடு

இன்று மத்தியானம் தெருக்கோடியில் தறிச் சத்தம் சட்டென்று நின்றது. அடுத்த வீட்டிலும் நின்றது, அதற்கடுத்த வீட்டிலும். வடித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையை அப்படியே கீழே வைத்துவிட்டேன். வந்தது ஓட்டுக் கேட்கும் ஜீப்தான். வேட்பாளரைப் பார்க்கத்தான் எல்லோரும் தறியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்திருக்கிறார்கள். மருமகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், அவளுக்கு என்ன தெரியும்? நீங்கள் கண்ணை மூடி இத்தனை வருஷமாகியும் ஜீப் என்றால் எனக்கு அந்த மாசி மாதம்தான்.

இரண்டு தடவை இந்த ஊர் உங்களைச் சட்டசபைக்கு அனுப்பியது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை கோட்டைக்குப் போகிறான் என்று பெரிய காஞ்சிபுரமே தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. அப்புறம் எமர்ஜென்சியில் ஒருநாள் நம் கட்சி ஆட்சியைக் கலைத்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். மறுநாளே ஒரு பையில் இரண்டு வேட்டி, துண்டு, பல்பொடி எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டீர்கள். "மிசா சட்டத்துல புடிக்க எப்ப வேணா வருவாங்க. அழுது மானத்த வாங்காத" என்றீர்கள். தினமும் இஸ்திரி போட்ட சட்டையோடு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள், கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி.

நம் தெருவில் போலீஸ் ஜீப் நுழைந்தால், அதன் சத்தம் கேட்பதற்கு முன்பே தறிகள் நிற்கும். ஒவ்வொரு வீடாக அந்த அமைதி நம் வாசலை நோக்கி வரும். ஐயோ, அதைப் போல ஒரு பயத்தை நான் பட்டதே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு நாள் ஜீப் நம் வீட்டைத் தாண்டி, எதிர்ச்சாரியில் முனுசாமி வீட்டில் போய் நின்றது. ஒவ்வொரு தேர்தலிலும் உங்களுக்குப் போஸ்டர் ஒட்டிய முனுசாமி. தறியில் உட்கார்ந்திருந்த மனுஷனை எழுப்பி, சட்டைகூடப் போடவிடாமல் ஏற்றினார்கள். நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டீர்கள். இன்ஸ்பெக்டர் உங்களுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஏறிப் போய்விட்டார். அந்த வணக்கத்தைத் தெருவே பார்த்தது. நான் காமாட்சியம்மன் கோயிலுக்கு ஓடிப்போய் நெய்விளக்கு ஏற்றினேன். அதற்காக இன்றைக்கும் நான் வெட்கப்பட மாட்டேன்.

ஒரு மாதம் போனது. உங்களோடு மேடையேறியவர்கள் எல்லாம் உள்ளே, நீங்கள் மட்டும் வெளியே. கட்சியை விட்டு விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்களை விட்டுவிடுகிறார்களாம் என்று ஊர் பேசியது. டீக்கடைக்கு நீங்கள் போனால் பேச்சு நின்றது. முனுசாமி பெண்சாதி என் முகத்தைப் பார்ப்பதையே விட்டாள். அதுவரை, பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்தோம். இப்போது, பிடிக்காமலே விட்டுவிடுவார்களோ என்று நீங்கள் பயந்தீர்கள். ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை உங்களுக்கு.

ஒரு நாள் காலையில் பையோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தீர்கள். வேண்டாங்க, வேண்டாங்க என்று நான் பின்னாலேயே ஓடிவந்தேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்க்கடை நிழலில் நின்றேன். உள்ளே அடித்துவிடுவார்களோ என்று ஸ்டேஷன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதே பையோடு வெளியே வந்தீர்கள்.

"என்னையும் புடிச்சிக்கினு போங்கன்னு கேட்டேன். மேலேர்ந்து உங்க பேரு வரல சார், காப்பி சாப்ட்டு வூட்டுக்குப் போங்கன்றான்" என்றீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போயும் போயும் இப்படி ஒரு தப்பைச் செய்தீர்களே! போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நீங்கள் பத்திரமாக வெளியே வந்ததை ஊரே பார்த்தது. அன்று பொழுது சாய்வதற்குள், எம்.எல்.ஏ. தானாகவே போய் எழுதிக் கொடுத்துவிட்டாராம் என்பது நம் தெரு வரைக்கும் வந்துவிட்டது. யாரிடம் போய் இல்லை என்று சொல்வது?

அடுத்த வருஷம் முனுசாமி விடுதலையாகி வந்தார். பஸ் ஸ்டாண்டில் மாலையோடு போய் நின்றீர்கள். கூட்டத்தில் யாராவது உங்கள்மேல் கை வைத்துவிடுவார்களோ என்று உங்கள் சட்டையைப் பிடித்தபடி நானும் நின்றேன். அவர் மெலிந்து பாதியாகியிருந்தார். தலையைக் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டார். குரலில் துளி கோபம் இல்லை.

"உள்ள தினம் உங்களப் பத்திதாண்ணே பேசிக்கினு இருந்தோம். நாளைக்கி அண்ணன் வந்துடுவாருன்னு."

அந்த வருஷம் வந்த தேர்தலில் கட்சி உங்களுக்கு சீட் கொடுக்கவில்லை. நீங்களும் போய்க் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் எந்த மேடையும் ஏறவில்லை.

நீயாவது என்னை நம்புகிறாயா என்று கடைசிவரை நீங்கள் என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டுவிடுவீர்களோ என்று பயந்து பயந்தே நான் காலத்தைத் தள்ளினேன். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். தண்ணீரைப் புகட்டி அதையும் தடுத்துவிட்டேன்.

நம்பினேன். அந்த அம்மன்மேல் ஆணையாக நம்பினேன். ஆனால் நீங்கள் கேட்டிருந்தால், அதோடு இன்னொன்றும் என் வாயிலிருந்து வந்திருக்கும்: எழுதிக் கொடுத்திருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான் என்று. ஊர் பேசியதையெல்லாம் தாங்கிய நீங்கள், அதைத் தாங்கியிருக்க மாட்டீர்கள்.