அண்ணையின் முதுகு

வைகாசி 20, வெள்ளி

எனக்குப் பிறவியிலேயே இரத்தம் உறையாத நோய். அது மாறிச் சுகமாக வேண்டும் என்று, என்னைச் செடில் காவடி எடுக்க வைப்பதாக அம்மா முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தார். அது மாறாது, முள்ளுக் குத்தவும் கூடாது என்று கிளினிக்கில் மறித்துவிட்டார்கள். இன்று அண்ணை எனக்காக முதுகுத் தோலில் கொக்கி முள்ளுக் குத்திக் காவடி எடுத்தார்.

முள்ளைக் கழற்றியதும், “ஒரு சொட்டு ரத்தம் வரேல்லை. முருகன்ரை அருள்!” என்று அம்மா அழுதார்.

அண்ணை என்னிடம், “நோகேல்லையடா, நீ யோசியாதை. எனக்காக நீ கண்ணை மூடிக் கும்பிட்டதைக் கண்டனான்” என்றார்.

நான் ஓம் என்று தலையாட்டினேன். அவருக்கும் ஒரு தடவையாவது இரத்தம் நிற்காமல் ஓட வேண்டும் என்றுதான் கும்பிட்டேன்.

அண்ணை குப்புறப் படுத்து நித்திரை. இரண்டு தரம் எழும்பிப்போய் அவருடைய முதுகைப் பார்த்துவிட்டு வந்தேன்.