நூறு கிராமுக்குக் கால் கிராம்

ஜூன் 3
இந்த வளையமும் சாயம் குடித்துவிட்டது. அலுமினாப் பொடியில் செய்து சுட்ட வளையத்தைத் தோலுக்குப் போடும் சிவப்புச் சாயத்தில் ஊறவைத்து உடைத்துப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இல்லையென்றால் உள்ளே வெள்ளையாக இருக்கும். இன்றைக்கு உள்ளெல்லாம் சிவப்புப் புள்ளி.

தோல் பதனிடும் டேனரிகளுக்கான மேல்விஷாரம் கழிவுநீர் நிலையத்து பம்பில் ஒழுகாமல் அடைக்க வேண்டிய வளையம் இது. அங்கே மெயின்டனன்ஸ் பார்க்கும் சீனிவாசன் சார் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரே ஒரு தபா பாக்குறேன்மா. ஒழுவுச்சுன்னா வெளியூர்ல வாங்கிக்கிறேன்."

அப்படி வாங்கினால் வளையம் சுடும் எங்கள் பர்னஸை விற்கவேண்டியதுதான். செராமிக் டிப்ளமோ படித்துவிட்டு மறுபடி ஷூ கம்பெனியில் தையல். மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

ஜூன் 5
எங்கே தப்பு? சூட்டில் பொடி மணிகள் ஒட்டி நெருங்கும்போது இடையிலுள்ள ஓட்டைகள் மணிகளின் ஓரம் வழியாகத்தான் வெளியேறும். சில மணி திடீரென்று ஊதிப் பெருத்தால் ஓட்டையை உள்ளே விழுங்கிவிடும்; அப்புறம் அது வெளியே வராது. அப்படிப் பெருக்கவிடாமல் அடக்கத்தான் துளி மக்னீசியாப் பொடி. நாங்களும் போடுகிறோமே!

ஜூன் 6
ஒரே பேஜார். சோறு இறங்கவில்லை.

ஜூன் 8
பிடித்துவிட்டேன். அரைத்து முடித்த பொடியில் என் பார்ட்னர் அஃப்ஸர் ஜஹான் இன்னொரு சிட்டிகை மக்னீசியா தூவுகிறாள்!

"இன்னா பண்ற?"

"நான் வேல செஞ்ச டேனரில இப்படித்தான் எழிலு. தடித் தோலுக்கு மருந்து ஒரு கை ஜாஸ்தி போடுவோம். நல்லா புடிக்கட்டும்னுதான்."

கத்தித் தீர்த்துவிட்டேன். கடைசியில் தூவினால் அது எப்படிக் கலக்கும்? கட்டி கட்டியாக நின்று, சுற்றிலும் ஓட்டை விடும். நூறு கிராமுக்குக் கால் கிராம், அதுவும் முதலிலேயே சேர்த்து அரைக்கவேண்டும். அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 9
வந்தாள். "நீயே நிறு," என்றாள். "நீதான் நிறுக்கணும். ஜாஸ்தி போடுற அந்த ஒரு கைய மட்டும் நான் புடிச்சிக்கிறேன்," என்றேன். சிரித்துவிட்டாள். சேர்த்து அரைத்தோம்.

ஜூன் 14
வெள்ளை! உடைத்த இடமெல்லாம் வெள்ளை. மேலே இருந்த சாயம் ஈரத்துணியில் துடைத்ததும் போய்விட்டது. "ஒரு சொட்டு குடிக்கல பாரு," என்று அஃப்ஸர் என்னைக் கட்டிக்கொண்டாள். அழுதேன். நன்றாக அழுதேன். கூடவே சுட்டு உடைக்காமல் வைத்திருந்த இன்னொரு வளையம் நாளை பம்புக்குப் போகிறது.

ஜூலை 20
சீனிவாசன் சார் போன்: "பம்புக்குக் கீழ தரை காய்ஞ்சி கெடக்குதும்மா. மீதி பம்புக்கெல்லாம் உங்க வளையமே போட்டுடலாம்."

சாயங்காலம் ஷூ கம்பெனி சூப்பர்வைசரும் கூப்பிட்டார், திங்கட்கிழமை வேலைக்கு வருகிறாயா என்று. வரவில்லை என்றேன். அங்கே என் பக்கத்து மெஷினில் தைத்த நந்தினி, திங்கட்கிழமையிலிருந்து எங்களிடம் வேலைக்கு வருகிறாள். அதை அவரிடம் அவளே சொல்லிக்கொள்ளட்டும்.