பன்னிரண்டு சிப்பாய்கள்

பாஸ்டன், பிப்ரவரி 1775

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தப் பனியில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம். மன்னரின் சிப்பாய்கள் பன்னிரண்டு பேர் எங்கள் அச்சகத்தைத் தாக்கியதாகப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். வந்தவன் ஒருவன்தான். பனியில் வழுக்கி ஜன்னல்மேல் விழுந்தான், மன்னிப்பும் கேட்டான்.

"ஒருத்தன் வழுக்கி விழுந்தான்னு போட்டா எவன்மா கொதிப்பான்? பன்னெண்டுன்னு அச்சுக் கோத்துடு!" என்றார் முதலாளி ஹாஸ்கல். சிரித்துக்கொண்டே நான்தான் அச்சுக் கோர்த்தேன்.

அதைப் படித்துவிட்டுத் தம்பி ஆசா மன்னரை எதிர்க்கும் ஊர்ப்படையில் சேரப்போவதாக எழுதியிருக்கிறான். இந்தக் கடிதத்தை அவனுக்கு உடனே படித்துக்காட்டுங்கள்.

இங்கே மன்னர் வரி போட்ட தேநீரைக் குடித்தால் துரோகியாம். அதற்குப் பதிலாகக் கொதிக்கவைத்துக் குடிக்கக் காய்ந்த ராஸ்பெரி இலை கொஞ்சம் வேண்டும். ஆசாவே கொண்டுவரட்டும், துப்பாக்கி இல்லாமல். அவனைப் பார்த்து வெகுநாளாயிற்று.

முதலாளி அழைக்கிறார். மறுபதிப்பில் சிப்பாய்கள் இருபது பேராம்.

உங்கள் மகள்,
மெஹிட்டபல்