சலவை அறையில் ஒரு மின்நிலையம்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? தையல் மிஷின்களும் நலமா? போனில் பேசினால் அண்ணன் பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார் என்றீர்களே, அதனால்தான் கடிதம். நான் அரசாங்க வேலையை விட்டுவிட்டு இந்தச் சின்னக் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து என்னோடு பேசாதவருக்கு, நான் பேசுவதைக் கேட்க மட்டும் ஆசையைப் பாருங்கள்!

ஓர் உதவி வேண்டும். நாங்கள் செய்த எரிபொருள் மின்கலத்தை ஒரு வீட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பீரோ உயரப் பெட்டி. சமையல் எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, அதை எரிக்காமலேயே மின்சாரம் தரும். வெந்நீர் இனாம். வீடு கிடைக்காவிட்டால் எங்கள் பிரிவையே மூடிவிடுவார்கள். உங்கள் வீட்டில் இடம் தருவீர்களா?

உங்கள் நாத்தனார்

ஜனவரி 20

அன்பு வாலுக்கு,

சலவை அறையைக் காலி செய்துவிட்டேன். உன் அண்ணன் குதித்த குதி இருக்கிறதே! "ஹைட்ரஜனை வீட்டுக்குள்ள விடறதா? கூரை பறந்துடும்!" என்றார். "பறக்கட்டும், எப்படியும் ஒழுகுது" என்றேன்.

எனக்கும் சுயநலம் உண்டு. மின்சாரம் போய்ப் போய், பள்ளிச் சீருடையெல்லாம் ஒரு கை வைத்தும் ஒரு கை இல்லாமலும் கிடக்கின்றன. பெட்டியை உடனே அனுப்பு.

அண்ணி

மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உங்கள் வீட்டில் பெட்டி நின்றுபோனதும் அழுதுகொண்டே ஓடி வந்தவள், வழியெல்லாம் சிரித்துக்கொண்டே திரும்பினேன். "உன் நாத்தனார்கிட்ட சொல்லு, நிக்கறதுக்கு முன்னால விசில் மாதிரி சத்தம் வந்துச்சு" என்று அண்ணன் உங்களிடம் சொல்கிறார். நானோ அவர் முழங்கையை இடித்துக்கொண்டு நிற்கிறேன்! நானும் விடாமல், "எந்தப் பக்கம்னு கேளுங்க அண்ணி" என்றேன். நீங்கள், "அடுப்புல எண்ணெய் காயுது, நீங்களே பேசித் தொலைங்க" என்று போய்விட்டீர்கள். அப்புறம் நான் திருகைக் கழற்ற, அண்ணன் டார்ச் பிடித்தார். காற்று இழுக்கும் குழாய் முழுக்க உங்கள் தையல் பஞ்சு! இனி எங்கள் பெட்டி எல்லாவற்றுக்கும் வலை உண்டு.

வரும் வியாழக்கிழமை ஒரு கட்டடக்காரர் பெட்டியைப் பார்க்க உங்கள் வீட்டுக்கு வருகிறார். ஒரு தெரு நிறைய வீடு கட்டுகிறார். அவருக்குப் பிடித்தால் நாங்கள் பிழைத்தோம். அண்ணனை மட்டும் எங்கேயாவது அனுப்பிவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 4

அன்பு வாலுக்கு,

அனுப்பினேன். வாசல்வரை போனவர், "குடையை மறந்துட்டேன்" என்று திரும்பி வந்துவிட்டார். வெளியே பொட்டு மழை இல்லை.

கட்டடக்காரர், "இது பயமில்லையாம்மா?" என்று என்னைத்தான் கேட்டார். பதில் உன் அண்ணனிடமிருந்து வந்தது. "எனக்கும் பயமாத்தான் சார் இருந்துச்சு. கொஞ்சம் கசிஞ்சாலும் பெட்டி அதுவா நின்னுடும். பஞ்சு அடைச்சதுக்கே நின்னுடுச்சே! என் தங்கச்சி பண்ணது சார். அவளே வந்து தரையில படுத்து சரிபண்ணினா." அப்புறம் அந்த மனிதரின் கையைப் பிடித்து வெந்நீர்க் குழாயின் கீழே நீட்டிவிட்டார்!

எல்லா வீட்டுக்கும் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் உன் அண்ணன் தன் துண்டால் பெட்டியைத் துடைத்தார். நான் பார்த்ததும், "தூசி" என்றார்.

அண்ணி

ஏப்ரல் 19

வாலுக்கு,

உன் அண்ணி ஒன்றை இரண்டாக்கி எழுதியிருப்பாள். பாதியை நம்பு.

சோதனை முடிந்ததாம், பெட்டியை எடுக்க ஆள் அனுப்புகிறார்களாம். தர முடியாது என்று சொல்லிவிட்டேன். பேசுவதென்றால் அந்தப் பொறியாளரம்மாவே நேரில் வரட்டும். லீவு போட்டுவிட்டு வா. பேச நிறைய இருக்கிறது.

அண்ணன்