மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

கொடிகாமம்
14.02.1993

அன்புள்ள ஜமால்தீன் அண்ணைக்கு,

இராசாத்தி எழுதுவது. செல்வரட்ணத்தின் மனைவி என்றால் உடனே விளங்கும். ஆனால் அவர் இப்போது இல்லை. போன ஆவணியில் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு போனபோது ஆமி ஹெலிகொப்டர் தாழப் பதிந்து வந்து சுட்டது. அவர் பிக்கப்பின் கதவைத் திறந்து பாதி இறங்கியிருந்தார். கதவோடு சேர்த்து அவரையும் துளைத்துவிட்டது. மூட்டைகள் எல்லாம் இரத்தம். அந்த வெங்காயத்தைக் கழுவி விற்கலாம் என்று சொன்ன ஒரு ஆளை நான் விளக்குமாற்றால் அடித்தேன்.

உங்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. புத்தளத்திலிருந்து வந்த ஒருவர் உங்களை அகதி முகாமில் கண்டதாகச் சொல்லி விலாசம் தந்தார். இந்தக் கடிதம் கிளாலிக் கடலைப் படகில் தாண்டிப் போகிற ஒருவர் கையில் வருகிறது.

எங்கள் பழைய ஒஸ்ரின் பிக்கப்பை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். இவருடைய தம்பி முருகேசு பழக்கிவிட்டார். காலையில் கிளாலியில் படகால் இறங்குகிற சனத்தை ஏற்றிக்கொண்டு வருகிறோம். என் வயிறும், முருகேசு, அவர் மனைவி நல்லம்மா, பிள்ளைகள் எல்லோருடைய வயிறும் இந்த வண்டியை நம்பித்தான் இருக்கின்றன. பெற்றோல் கண்ணிலும் காணக் கிடைக்காது. மண்ணெண்ணெயில் ஓட்டினால் எஞ்சின் டக் டக் என்று அடிக்கிறது, பாரம் ஏற்றினால் மணலில் நின்றுவிடுகிறது. போன கிழமை வெட்டவெளியில் நின்றுபோனது. ஹெலி வந்தது. எல்லோரும் குதித்து ஓடினார்கள். ஒரு மனிதருக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் போயிற்று. மரத்தடி பக்கத்தில்தான் இருந்தது, அண்ணை.

புதுச் சாமான் வாங்க வழியில்லை. இந்த எஞ்சினை உங்களைத் தவிர வேறு மெக்கானிக் தொட்டதில்லை. முஸ்லிம் சனம் என்று இயக்கம் உங்களையெல்லாம் ஊரைவிட்டு அனுப்பிய பிறகு உதவி கேட்பது வெட்கமாக இருக்கிறது. வெட்கம் பார்த்தால் உயிரோடு இருக்க முடியாது. ஏதாவது செய்ய முடியுமென்றால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
இராசாத்தி


புத்தளம்
19.03.1993

தங்கச்சி இராசாத்திக்கு,

உமது கடிதத்தை முகாமின் கிணற்றடியில் நின்று வாசித்தேன். முதல் பந்தியோடு நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்த வாளியைத் தூக்கி அடித்தேன். அது வேறொரு பெண்ணின் வாளி. அவளிடம் வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது. செல்வரட்ணம் என் கூட்டாளி. அவனை நினைத்து அழுவதற்கு இந்த முகாமில் ஒரு மறைவான இடம்கூட இல்லை.

கேளும். எங்களை அனுப்பிய அன்று என் மனைவி ஸபூரா காதுத் தோட்டைக் கழற்றும்வரை பொறுக்காமல் இயக்கத்தான் ஒருவன் இழுத்தான். காது பிய்ந்து தோள் முழுக்க இரத்தம். என் கையில் ஸ்பனர் இருந்தது. அவன் தலையைப் பிளந்திருப்பேன். ஸபூரா என் சட்டையை விடவேயில்லை. பிறகு ஸ்பனரையும் பறித்துக்கொண்டார்கள். ஆகவே அந்த ஊரிலிருந்து ஒரு எஞ்சின் என்னிடம் உதவி கேட்டு வந்ததும், கடிதத்தைக் கிழிக்கத்தான் கை போயிற்று. வெங்காயத்தைக் கழுவச் சொன்னவனுக்கு நீர் விளக்குமாற்றால் போட்டதை நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கிழிக்க மனம் வரவில்லை.

இனி வேலைக்கு வருவோம். மண்ணெண்ணெய் ஒரு சோம்பேறி, சூடு காட்டாமல் எழும்பாது. ஒரு பழைய பிரிட்ஜின் பின்பக்கத்திலிருந்து செப்புக் குழாயைக் கழற்றும். கரண்ட் இல்லாத ஊரில் பிரிட்ஜை யாரும் தேட மாட்டார்கள். அந்தக் குழாயைப் புகைக்குழாயில் நெருக்கமாகச் சுற்றி, மண்ணெண்ணெய் அதற்குள்ளால் போய்க் காபரேட்டரில் விழுகிற மாதிரிப் பூட்டும். டக் டக் சத்தம் அமுக்கம் கூடியதால் வருவது. எஞ்சினின் ஹெட்டைத் தூக்கி, அடியில் இருக்கிற கஸ்கற் தகட்டின் மேல் இன்னொரு பழைய கஸ்கற்றை வைத்து இறுக்கினால் அது அடங்கும். காபரேட்டர் ஜெற்றின் துளையை ஒரு மயிரளவு பெரிதாக்கும். பின்கதவு, மேற்கூடு, உதவாத இரும்பு எல்லாவற்றையும் கழற்றி எறிந்தால் வண்டி தானாகவே பாயும். காலையில் ஸ்டார்ட் எடுக்க மட்டும் சில துளி பெற்றோல் மருந்துப் போத்தலில் வைத்திரும். ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும், மண்ணெண்ணெய் வடிந்து அதைத் தண்ணீராக்கிவிடும்.

ஹெட்டை இறுக்கும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்கச் சொல்லும். முருகேசு ஒரு முரடன், சொன்னால் கேட்கமாட்டான். நீர் பக்கத்தில் நின்று பாரும்.

அன்புடன்,
ஜமால்தீன்


கொடிகாமம்
02.05.1993

அன்புள்ள ஜமால்தீன் அண்ணைக்கு,

வண்டி ஓடுகிறது. முருகேசு முதலில் முகத்தை நீட்டினார். "உவர் அங்கை இருந்துகொண்டு சொல்லுவார், நான் இஞ்சை கழட்டிப் பூட்ட வேணுமோ?" என்றார். "ஓம், பூட்டத்தான் வேணும். இல்லாட்டி நாளைக்கு ஹெலி வந்தா நீங்கள் இறங்கித் தள்ளுங்கோ" என்றேன். பிறகு மூன்று நாள் சாப்பாட்டையும் மறந்து எஞ்சினுக்குள் கிடந்தார். நடுவிலிருந்துதான் இறுக்கினார், நான் பார்த்தேன்.

அதே வெட்டவெளியில் திரும்பவும் ஹெலி வந்தது. பின்னால் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நான் அக்சிலேற்றரை அமத்தினேன். ரோட்டு எங்களுக்குப் பின்னால் புழுதியாக வெடித்துக்கொண்டே வந்தது. நாங்கள் பனங்கூடலுக்குள் போய்விட்டோம். எல்லோரும் இறங்கி என் கையைப் பிடித்தார்கள். நான் உங்களை நினைத்தேன்.

எல்லா நாளும் அப்படி இல்லை. போன வாரம் கடலில் படகுகளை நேவி மறித்து வெட்டியும் சுட்டும் போட்டது. காலையில் கரைக்கு வந்ததைத்தான் ஏற்றினேன். உயிரோடு இருந்தவர்களை மேலே வைத்தோம். ஒரு பெண்ணின் கையில் சுற்றியிருந்த பிள்ளைத் துணிக்குள் பிள்ளை இல்லை. வண்டியைக் கழுவக் கிணற்று நீர் போதவில்லை.

இப்போது வேறு பயம் வந்திருக்கிறது. சந்தியில் இயக்கத்தின் சென்றியில் காவல் நிற்கிற ஒருவன், "அக்கா, உங்கடை வண்டி நல்லா இழுக்குது என்ன" என்று எஞ்சினுக்கு மேலே பொனற் மூடியைத் தட்டிப் பார்த்தான். எங்கள் ஒழுங்கையில் அடுத்த வீட்டுக்காரரின் வான் வண்டியை அப்படித்தான் முதலில் புகழ்ந்தார்கள், பிறகு கொண்டுபோனார்கள். ஏன் என்று கேட்ட மனிதருக்குக் கை முறிந்தது. இந்த வண்டியும் போனால் எங்கள் அடுப்பு எரியாது. என்ன செய்ய?

உங்கள் தங்கச்சி,
இராசாத்தி


புத்தளம்
11.06.1993

அன்புள்ள தங்கச்சிக்கு,

இடது கையால் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். விறகு பொறுக்கப் போன எங்கள் ஆள் ஒருவரை ஒரு தோட்டக்காரர் மரத்தில் கட்டி அடித்தார். நான் போய்க் கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை என்று ஸபூரா சொல்கிறாள். அவருக்கு முன்பல் போயிற்று, எனக்கு வலது மணிக்கட்டு.

நல்ல வண்டி வைத்திருப்பவர் அதைக் கெட்ட வண்டி என்று காட்டத் தெரிந்திருக்க வேண்டும். காபரேட்டரில் காற்றை அடைக்கிற சோக்கின் தகடு இருக்கிறது அல்லவா, அதில் ஒரு கம்பியைக் கட்டி உமது முழங்காலடிக்குக் கொண்டுவாரும். சென்றி கண்ணில் பட்டதும் இழும். எஞ்சினுக்கு மூச்சு முட்டும், இருமும், கறுப்பாகப் புகைக்கும். சாகப்போகிற வண்டியை எவனும் கேட்கமாட்டான். தாண்டியதும் விட்டுவிடும். கொஞ்ச நாள் பழகினால் யோசிக்காமலே கை செய்யும்.

முருகேசுவுக்கு என் சலாம். அவன் இறுக்கிய ஹெட் ஒழுகவில்லை என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

அன்புடன்,
ஜமால்தீன்


கொடிகாமம்
09.09.1993

ஜமால்தீன் அண்ணைக்கு,

முருகேசு செத்துவிட்டார்.

கிளாலி வீதியில் பொம்பர் விமானம் குண்டு போட்டது. அவர் வண்டிக்குப் பின்னால் நின்று சனத்தை ஏற்றிக்கொண்டிருந்தார். சிதறு துண்டொன்று வயிற்றைக் கிழித்துக் குடலை வெளியே தள்ளியது. அன்றைக்கு நல்லம்மாவும் கூட வந்திருந்தாள். தன் சேலையைக் கழற்றிச் சுற்றி, இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு அவரோடு பின்னால் ஏறினாள். இன்னும் ஆறு காயக்காரர். நான் சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்கு விட்டேன். வண்டி பறந்தது. என்னவர் இருந்த காலத்திலும் அப்படி ஓடியதில்லை. முருகேசுவைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன்.

சந்திச் சென்றியைக் கண்டதும் என் கை போய்க் கம்பியை இழுத்தது. காயக்காரரை ஏற்றிய வண்டியை அவர்கள் மறிப்பதேயில்லை. இழுக்கத் தேவையே இருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் இழுத்த கை, தானாக இழுத்தது. எஞ்சின் இருமி, புகைத்து, நின்றுவிட்டது. பிளக் எல்லாம் மண்ணெண்ணெயில் நனைந்துவிட்டது. பெற்றோல் போத்தல் குண்டு விழுந்தபோதே உடைந்திருந்தது. சென்றிக்காரரும் ஓடிவந்து முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார்கள், தள்ளினார்கள். எஞ்சின் பிடித்தபோது நல்லம்மா, "இனி ஓட வேண்டாம்" என்றாள்.

செத்த வீட்டில் எல்லோர் முன்னாலும் அவள் சொன்னாள்: "உவன் சோனகன் தன்னைத் துரத்தினதுக்குப் பழி வாங்கிப்போட்டான். அதுக்குத்தான் உந்தக் கம்பியைக் கட்டச் சொன்னவன்." நான் அவள் வாயை அடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை. சில நாள் நானும் அதை நம்பினேன். இப்போது முழுதாக விட்டுவிட்டேன் என்றும் சொல்ல மாட்டேன்.

வேண்டுமென்று செய்தீர்களா? ஓம் அல்லது இல்லை என்று எழுதுங்கள்.

இராசாத்தி


புத்தளம்
04.10.1993

இராசாத்திக்கு,

இல்லை.

அதோடு நிறுத்திக் கடிதத்தை மடிக்கச் சொன்னாள் ஸபூரா. என்னால் முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. கொட்டிலின் கம்பைப் பிடுங்கி அடித்ததில் கூரை பாதி சரிந்து கிடக்கிறது. பழிவாங்க எனக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களின் முகம் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். முருகேசு அதில் இல்லை. அவன் வீட்டுக் கூழை எத்தனை நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் குடித்திருக்கிறேன் என்று நல்லம்மாவிடம் கேளும். அவள்தான் ஊற்றித் தந்தவள். அவளே என்னை "உவன் சோனகன்" என்றது, மணிக்கட்டு முறிந்ததைவிட நோகிறது.

ஆனால் அவள் வேறு யாரைத் திட்டுவாள்? குண்டு போட்டவன் ஆகாயத்தில் போய்விட்டான். தோளில் துவக்கோடு சென்றியில் நிற்கிறவனைத் திட்டினால் அடி விழும். திட்டக்கூடிய தூரத்தில் நானும் நீரும்தான் இருக்கிறோம். திட்டட்டும்.

கம்பியைக் கட்டச் சொன்னது நான்தான். காயக்காரர் இருந்தால் இழுக்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. இப்போது அந்த வரியைத் தவிர வேறொன்றும் தோன்றுவதில்லை.

கம்பியை அறுத்து எறியும். வண்டி போனால் போகட்டும். இதற்குப் பதில் எழுதாவிட்டாலும் நான் குறை நினைக்க மாட்டேன்.

ஜமால்தீன்


கொடிகாமம்
21.11.1993

அன்புள்ள ஜமால்தீன் அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை நல்லம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கூழ் என்ற இடத்தில் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள். நெடுநேரம் வரவில்லை. நான் உங்களிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, அண்ணை. உங்களை அறிந்தவள் நான். மன்னியுங்கள்.

அன்றே குறட்டால் கம்பியை அறுத்தேன். அதன் பிறகு சென்றியை வண்டி தன் முழுச் சத்தத்தோடுதான் தாண்டியது. நினைத்தது போலவே போன திங்கள் மறித்தார்கள். நல்லம்மா என் பக்கத்தில் இருந்தாள். பொனற்றைத் திறந்து செப்புக் குழாயைப் பார்த்து ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

"ஆர் அக்கா உதைச் செய்தது? எங்களுக்கு உப்பிடி ஒரு ஆள்தான் வேணும். ஆளைக் காட்டுங்கோ."

"ஜமால்தீன். உங்கடை ஆக்கள் துரத்தின மனிசன்" என்றேன். "புத்தளத்திலை கிடுகுக் கொட்டிலிலை கிடக்கிறார். போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ. வரேக்கை அவரின்ரை சனம் முழுக்கக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

ஒருவன் அறைந்தான். காதுக்குள் இன்னும் இரைச்சல் கேட்கிறது, ஒரு கடைவாய்ப் பல்லும் ஆடுகிறது. மற்றவன் அவனைப் பிடித்து இழுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வண்டியை ஸ்டார்ட் எடுக்கிற திறப்பை வாங்கினான். வண்டியைக் கொண்டுபோய்விட்டார்கள். நல்ல சத்தத்தோடு போனது. எனக்கு வயிறு எரிந்தது, பெருமையாகவும் இருந்தது.

இனி சைக்கிளில்தான் மரக்கறி கட்டிக்கொண்டுபோய் விற்கப்போகிறேன். எப்படியோ சமாளிப்போம். எஞ்சின் இல்லை என்பதற்காக நீங்கள் எழுதாமல் விடாதீர்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்துதான் வந்தோம். நல்லம்மா தன் சேலைத் தலைப்பால் என் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இப்போது நான் எழுதுவதைக் கண்டு பக்கத்தில் வந்து நிற்கிறாள். உங்கள் சுகத்தையும் ஸபூராவின் சுகத்தையும் தான் விசாரித்ததாக எழுதச் சொல்கிறாள்.

உங்கள் தங்கச்சி,
இராசாத்தி